பேஸ்பால்: இளம் பிட்சர்களை எடைபோடுவது எப்படி? நாளைய ரொட்டேஷனுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடும் நியூயார்க் மெட்ஸ் அணி 2015இல் உலகத் தொடர் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) வரை போனது. அப்போது எல்லோரும் பேசியது அந்த அணியின் ஐந்து இளம் பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) பற்றி: மாட் ஹார்வி, ஜேக்கப் டிகிராம், நோவா சின்டர்கார்ட், ஸ்டீவன் மாட்ஸ், ஸாக் வீலர். ஆனால் இந்த ஐவரும் ரொட்டேஷனின் (முறை வைத்து வீசும் வரிசையின்) ஒரே சுற்றில் அடுத்தடுத்து வீசியது 2018 ஏப்ரலில்தான், அதுவே முதன்முறை. இடையில் ஒருவர் தேறி வந்தால் இன்னொருவர் அறுவை சிகிச்சைக்குப் போனார். அடுத்த மாதமே ஹார்வி சின்சினாட்டிக்கு மாற்றப்பட்டார். ஐவரில் மிகப் பெரிய ஆட்டக்காரராக வளர்ந்த டிகிராமோ 2010 டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) 9ஆம் சுற்றில், 272ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர்.

உங்கள் அணியில் நல்ல இளம் பிட்சர்கள் ஐந்து பேர் இருந்தால், 3 ஆண்டில் ஐந்து ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்) கிடைப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாய்ப்புச் சதவீதம் போட்டு, அதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சதவீதத்தை எப்படிப் போடுவது என்பதைத்தான் கீழே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். ஒரு விரிதாளும் இணைய இணைப்பும் போதும். எண்களுக்கு ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் ரெஃபரன்ஸ், பேஸ்பால் சாவன்ட் ஆகிய தளங்கள். ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க மைனர் லீக் (மேஜர் லீக் அணிகள் இளைஞர்களை வளர்க்கும் கீழ்நிலை லீக்குகள்) ஒளிபரப்பு.

முதலில், ஸ்டார்ட்டரின் வேலை என்ன?

மேஜர் லீக் சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். ஐந்து ஸ்டார்ட்டர்கள் முறை வைத்து வீசுவார்கள். ஒருவருக்கு முறை பெரும்பாலும் 5 அல்லது 6 நாளுக்கு ஒருமுறை வரும். முறைக்கு 85 முதல் 100 பந்து, ஆட்டத்தின் 9 இன்னிங்ஸில் 5 அல்லது 6 இன்னிங்ஸ். முழு சீசனும் உடம்பு ஒத்துழைத்தால் 30 ஆட்டங்களுக்கு மேல், 160 முதல் 180 இன்னிங்ஸ் வரும். ரிலீவர் அப்படியல்ல. பாதி ஆட்டத்துக்குப் பிறகு வந்து, பெரும்பாலும் ஒரே இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு இன்னிங்ஸில் முழு வேகத்தையும் கொட்டலாம்.

ஸ்டார்ட்டர் ஒரே பேட்டரை ஒரே நாளில் இரண்டு, மூன்று முறை சந்திக்க வேண்டும். இரண்டாம் முறை வரும்போது பேட்டருக்குப் பந்து பழகியிருக்கும், பிட்சருக்குக் கை களைத்திருக்கும். அடுத்து வரும் படிகள் எல்லாம் இந்தச் சூழலை இந்த இளைஞர் தாங்குவாரா என்பதைத்தான் சோதிக்கின்றன.

படி 1: பட்டியல்

அணியின் மைனர் லீக் பிட்சர்களில் 10 முதல் 12 பேரை எடுங்கள். பிரபலப் பட்டியல்களில் இருக்கும் மூவரோடு நிறுத்த வேண்டாம். டிகிராம் போன்றவர்கள் தப்பிப்போவது அங்கேதான். ஒவ்வொருவருக்கும் வயது, எந்தக் கை, விளையாடும் படிநிலை, எப்போது ஒப்பந்தமானார், சீசன்வாரியாக எத்தனை இன்னிங்ஸ் ஆகியவற்றை எழுதுங்கள்.

படிநிலைகள் கீழிருந்து மேலாக: காம்ப்ளெக்ஸ் லீக், லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. வயதைத் தனியாகப் பார்க்காமல் படிநிலையோடு சேர்த்துப் படியுங்கள். டபுள்-ஏவில் 21 வயதுப் பையன் சராசரியாக வீசினாலே நல்ல செய்தி. லோ-ஏவில் 24 வயதுக்காரர் எல்லோரையும் வீழ்த்தினாலும் அதில் பாதி, எதிரே நிற்பவர்கள் சின்னப் பையன்கள் என்பதால் வந்தது.

படி 2: எண்களில் எதை எடுப்பது, எதை விடுவது

புதியவர்கள் கண் முதலில் போவது ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்கு பிட்சர் தன் பொறுப்பில் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி) மீது. மைனர் லீக்கில் அதை ஓரமாக வையுங்கள். கீழ்நிலைகளில் ஃபீல்டிங் சுமார், மைதானங்கள் கரடுமுரடு, பந்து எங்கே விழுந்தது என்ற அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். அல்புகர்கி, ரீனோ போன்ற உயரமான ஊர்களில் காற்று அடர்த்தி குறைவு. பந்து தூரம் பறக்கும், கர்வ்பால் வளையாது. அங்கே ஈஆர்ஏ 5ஐத் தாண்டினால் உடனே ஆளைக் கழித்துவிட வேண்டாம்.

எடுக்க வேண்டியவை இரண்டு: சந்தித்த பேட்டர்களில் எத்தனை சதவீதம் பேரை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார், எத்தனை சதவீதம் பேரை வாக் (குறியிடத்துக்கு வெளியே நான்கு பந்து வீசி இலவசமாக முதல் பேஸ்) கொடுத்து அனுப்பினார். 400 பேட்டர்களில் 112 ஸ்ட்ரைக்அவுட், 36 வாக் என்றால் 28, 9, வித்தியாசம் 19. மேஜர் லீக்கில் அண்மை ஆண்டுகளின் சராசரி ஸ்ட்ரைக்அவுட் 22 முதல் 23 சதவீதம், வாக் 8 சதவீதத்துக்குச் சற்று மேல். மைனரில் இருக்கும் ஒருவரின் வித்தியாசத்தை அவர் ஆடும் லீக்கின் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். குறிப்பாக, ட்ரிபிள்-ஏவில் 2023 முதல் எல்லா மைதானங்களிலும் தானியங்கி ஸ்ட்ரைக் கணிப்பு (பந்து ஸ்ட்ரைக்கா என்பதைக் கணினி சொல்வது) ஏதோ ஒரு வடிவில் புழங்குகிறது. வாக்கும் அங்கே அதிகம். 11 சதவீத வாக் டபுள்-ஏவில் உறுத்தலாம், ட்ரிபிள்-ஏவில் அவ்வளவு உறுத்தாது.

9 இன்னிங்ஸுக்கு எத்தனை ஸ்ட்ரைக்அவுட் என்ற பழைய கணக்கு ஏன் வேண்டாம்? இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் 100 இன்னிங்ஸில் 100 ஸ்ட்ரைக்அவுட். பழைய கணக்கில் இருவருக்கும் 9.0. ஆனால் முதலாமவர் சந்தித்தது 400 பேட்டர்கள், இரண்டாமவர் 450. விகிதம் 25 சதவீதம், 22 சதவீதம். இரண்டாமவர் நிறைய பேரை பேஸில் ஏறவிட்டதால் அவருக்குக் கூடுதல் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. தப்பு செய்தவருக்குப் பரிசு கொடுக்கும் கணக்கு அது.

ஸ்ட்ரைக்அவுட் விகிதம் 70 பேட்டர்கள் அளவிலேயே ஓரளவு நிலைபெறும். வாக் விகிதத்துக்கு 170 பேர் தேவை. ஏப்ரல் மாத எண்களை வைத்து வாக் பற்றி முடிவு கட்டாதீர்கள்.

படி 3: பந்துகள்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ட்ரிபிள்-ஏவுக்கும் லோ-ஏவில் ஃப்ளோரிடா ஸ்டேட் லீக்குக்கும் பந்துவாரித் தரவு சாவன்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மற்ற லீக்குகளுக்கு ஸ்கவுட் (ஆட்டக்காரர்களைப் பார்த்து மதிப்பிடுபவர்) அறிக்கைகளும் உங்கள் கண்ணும்தான்.

ஃபாஸ்ட்பாலில் தொடங்குங்கள். மேஜர் லீக் ஃபோர்-சீமின் (வழக்கமான நேர் ஃபாஸ்ட்பாலின்) சராசரி வேகம் இப்போது மணிக்கு 94 மைலுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 151 கி.மீ. சராசரி வேகத்தை எழுதுங்கள். "99 வரை தொட்டார்" என்ற செய்தியை எழுத வேண்டாம், அது ஒரே பந்தாக இருக்கலாம். முக்கியமானது வேக வீழ்ச்சி. முதல் இன்னிங்ஸில் 95, ஐந்தாவதில் 94 என்றால் ஸ்டார்ட்டர். 96இல் தொடங்கி ஐந்தாவதில் 92 என்றால் அவர் கை புல்பென்னை (ரிலீவர்களின் வரிசையை) கேட்கிறது.

அடுத்து வடிவம். பின்சுழற்சியால் பந்து எவ்வளவு கீழிறங்காமல் நிற்கிறது என்பதைத் தூண்டப்பட்ட செங்குத்து அசைவு என்கிறார்கள். 16 அங்குலம் சுற்றிலும் சராசரி; 18, 19 என்றால் பேட் பந்துக்கு அடியில் போகும். ஆனால் இந்த எண்ணைத் தனியாகப் படித்தால் ஏமாறுவீர்கள். கை உயரத்திலிருந்து வீசும் நெட்டை ஆளிடம் 18 அங்குலத்தைப் பேட்டர் எதிர்பார்த்தே நிற்பார். தாழ்வான கையிலிருந்து அதே 18 வந்தால் திணறுவார். பந்தை விடும் உயரத்தையும், மேட்டிலிருந்து எவ்வளவு முன்னே வந்து விடுகிறார் என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். முன்வருதல் ஆறரை அடி சராசரியை ஒட்டியது. 7 அடி என்றால் 94 மைல் பந்து பேட்டர் கண்ணுக்கு அதைவிட வேகமாகத் தெரியும். கை போகும் கோணத்துக்கு ஏற்றபடி மேலும் பக்கவாட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு நகரும் பந்துதான் ஆபத்து. 96இல் வீசினாலும் அதை அடித்துவிடுவார்கள்.

பிறகு மற்ற பந்துகள். வளையும் பந்துகளான ஸ்லைடரோ கர்வ்பாலோ ஒன்று நன்றாக இருப்பது சகஜம். நீங்கள் தேட வேண்டியது மூன்றாவது பந்து, பெரும்பாலும் சேஞ்சப். ஃபாஸ்ட்பாலைவிட 8 முதல் 10 மைல் மெதுவாக, அதே கைவேகத்தில் வர வேண்டும். கையைத் தளர்த்தி வீசினால் டபுள்-ஏ பேட்டர்களே பிடித்துவிடுவார்கள். எத்தனை சதவீதம் வீசுகிறார் என்றும் பாருங்கள். 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் அது ஏட்டில் மட்டும் இருக்கும் பந்து.

மூன்றாவது பந்து எப்படி ஒருவரை மாற்றும் என்பதற்கு உதாரணம் டாரிக் ஸ்கூபல். 2018இல் டெட்ராய்ட் அவரை எடுத்தது 9ஆம் சுற்றில்; கல்லூரியிலேயே முழங்கை அறுவை முடிந்தவர். இடக்கைக்காரர் என்பதால் எதிரே வருபவர்களில் பெரும்பாலோர் வலக்கை பேட்டர்கள். அவர்களுக்கு எதிராக அவருடைய சேஞ்சப் பெரிய ஆயுதமாக வளர்ந்தது. 2024, 2025 இரண்டு ஆண்டும் அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான். மறுபக்கம், அட்லாண்டாவின் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் ஏறக்குறைய ஃபாஸ்ட்பால், ஸ்லைடர் இரண்டை மட்டுமே வைத்து 2023இல் 281 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து மேஜர் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். விதிவிலக்கு உண்டு, ஆனால் அதற்கு அவருடையதைப் போல ஃபாஸ்ட்பால் வேண்டும். உங்கள் பையனிடம் அது இருப்பதாக எளிதில் நம்பிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: டபுள்-ஏவிலும் அதற்குக் கீழும் புழங்கும் பந்து, மேஜர் லீக் பந்து அல்ல. தையல் வேறு மாதிரி இருக்கும். ட்ரிபிள்-ஏவுக்கு வந்து மேஜர் லீக் பந்தைக் கையில் எடுத்ததும் சிலருக்கு ஸ்லைடரின் வளைவே மாறிப்போகும். முதல் 4, 5 ஆட்டங்களுக்கு அவகாசம் கொடுங்கள்.

படி 4: குறிவைத்து வீசுகிறாரா?

ஸ்ட்ரைக் வீசுவது ஒன்று, நினைத்த மூலையில் வீசுவது இன்னொன்று. முதலாவதை எண்ணிலேயே பார்க்கலாம்: மொத்தப் பந்துகளில் 63, 64 சதவீதம் ஸ்ட்ரைக் என்றால் சரி, 60க்குக் கீழே போனால் 5 இன்னிங்ஸ் முடிவதற்குள் பந்து எண்ணிக்கை 90 ஆகிவிடும்.

இரண்டாவதற்கு ஒளிபரப்பைப் பார்த்தே ஆக வேண்டும். நடுமைதானக் கேமரா இருக்கும் ஆட்டமாக மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் 20 ஃபாஸ்ட்பால்: கேட்சர் கையுறையை வைத்த இடத்துக்கும் பந்தைப் பிடித்த இடத்துக்கும் ஓர் அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு கோடு போடுங்கள். 20இல் 6, 7 கோடு பரவாயில்லை. 12 கோடு, ஆனால் வாக் குறைவு என்றால், அந்தப் படிநிலை பேட்டர்கள் வெளியே போகும் பந்தையும் துரத்துகிறார்கள் என்று அர்த்தம். மேலே போனால் துரத்த மாட்டார்கள். ஆளில்லாதபோதும் பேஸில் ஆள் நிற்கும்போதும் தனித்தனியாகக் குறித்தால் இன்னும் நல்லது. பேஸில் ஆள் ஏறி, சுருக்கமான அசைவில் வீச வேண்டிவந்ததும் குறி தவறுகிறவர்கள் நிறைய.

படி 5: எதிர்க்கை பேட்டர்கள்

வலக்கை பிட்சருக்கு இடக்கை பேட்டர்களுக்கு எதிராக ஸ்ட்ரைக்அவுட், வாக் வித்தியாசம் எவ்வளவு, வலக்கை பேட்டர்களுக்கு எதிராக எவ்வளவு? இரண்டும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் கிடைக்கும். 10 புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்து மூன்றாவது பந்தும் இல்லையென்றால், எதிரணி இடக்கைக்காரர்களை வரிசையாக நிறுத்திவிடும். ஒரு சீசன் எண் போதாது, இரண்டைச் சேர்த்துப் பாருங்கள்.

படி 6: உடம்பும் சுமையும்

மைனர் லீக்கில் 2021 முதல் பெரும்பாலும் செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஒரே அணியோடு ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. அதனால் ஸ்டார்ட்டர்கள் வாரம் ஒருமுறைதான் வீசுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் 75 முதல் 90 பந்து. மேஜர் லீக்கில் ஓய்வு நாள் சுருங்கும், பந்து கூடும். ஆகவே "ட்ரிபிள்-ஏவில் எல்லாம் தாங்கினாரே" என்பது பாதி உண்மை.

கடைசி மூன்று சீசன் இன்னிங்ஸை வரிசையாக எழுதுங்கள். 60, 95, 120 என்று ஏறுவது ஆரோக்கியம். 110, 25, 40 என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது, தேடுங்கள். ஆண்டுக்கு 30 இன்னிங்ஸுக்கு மேல் கூட்டினால் கட்டாயம் காயம் என்ற பழைய விதியைச் சிலர் இன்னும் சொல்வார்கள். பின்னர் சோதித்துப் பார்த்தவர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை; அதை வைத்துப் புள்ளி குறைக்க வேண்டாம்.

முழங்கைத் தசைநார் மாற்று அறுவை, அதாவது டாமி ஜான் அறுவை, 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தது. திரும்பி வர 12 முதல் 18 மாதம் ஆகும். ஒருமுறை செய்தவரைத் தள்ளிவிட வேண்டியதில்லை; டிகிராம், ஸ்கூபல் இருவரும் செய்துகொண்டவர்களே. தோள்பட்டைக் காயத்துக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் திரும்பும் பாதை அவ்வளவு தெளிவானதல்ல. வெளியாருக்கு மருத்துவ அறிக்கை கிடைக்காது, ஆனால் அணிகளின் நடவடிக்கை கிடைக்கும். தாய்வழியில் இந்திய வம்சாவளியினரான குமார் ராக்கரை 2021இல் மெட்ஸ் 10ஆவதாக எடுத்து, உடல் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தம் போடாமல் விட்டது. அடுத்த ஆண்டு டெக்ஸாஸ் 3ஆவதாக எடுத்தது. 2023இல் டாமி ஜான் அறுவை. 2024 செப்டம்பரில் மேஜர் லீக் அறிமுகம். இப்படி ஒரு தயக்கம் பதிவாகியிருந்தால் உங்கள் தாளிலும் அது இருக்க வேண்டும்.

படி 7: புள்ளியும் சதவீதமும்

ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரை புள்ளி போடுவார்கள். 50 மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு பந்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் தனித்தனியாக 5, 10 கணக்கில் போடுங்கள். மொத்த மதிப்பில் 60 என்றால் ரொட்டேஷனின் முன்வரிசை, 50 என்றால் நடுவும் கடைசியும் ஒட்டிய இடம், 45 என்றால் ஐந்தாம் ஆள், 40 என்றால் அவசரத்துக்கு அழைக்கும் கை. எல்லோருக்கும் 55 போடத் தோன்றும். உங்கள் பட்டியலில் 55க்கு மேல் மூன்று பேருக்கு மேல் இருந்தால் மறுபடி போடுங்கள்.

பிறகு மூன்று கட்டங்கள்: ரொட்டேஷனில் நிலைப்பார், புல்பென்னுக்குப் போவார், நிலைக்க மாட்டார். கூட்டினால் 100. தொடக்கத்துக்கு இந்தக் கைவிதிகளைப் பயன்படுத்துங்கள் (ஆய்வு முடிவுகள் அல்ல, அனுபவத் தோராயம்): ரொட்டேஷன் கட்டத்தில் லோ-ஏ 15, ஹை-ஏ 25, டபுள்-ஏ 40, ட்ரிபிள்-ஏ 50. படிநிலைக்கு இளையவர் என்றால் 5 கூட்டுங்கள். மூன்றாவது பந்து இல்லையென்றால் 10 கழியுங்கள்; லீக் சராசரியைவிட வாக் 3 புள்ளி கூட என்றால் இன்னொரு 10; எந்த சீசனிலும் 80 இன்னிங்ஸைத் தொடாதவர் என்றால் 5.

ஒரு கற்பனை ஆளுக்குப் போட்டுப் பார்ப்போம். டபுள்-ஏ, 21 வயது, ஸ்ட்ரைக்அவுட் 28, வாக் 9, நல்ல ஃபாஸ்ட்பால், நல்ல ஸ்லைடர், சேஞ்சப் பெயருக்கு, அதிகபட்சம் 92 இன்னிங்ஸ். 40, வயதுக்கு 5 கூட்டி 45, சேஞ்சப்புக்கு 10 கழித்து 35. புல்பென் 40, மீதி 25. இவ்வளவு நல்ல எண் வைத்திருப்பவருக்கே 35தான்.

இப்போது முதல் ஆறு பேரைக் கூட்டுங்கள்: 50, 40, 35, 30, 20, 15 என்றால் 190. அதாவது ஆறு பெயருக்கு இரண்டு ஸ்டார்ட்டர் கூட முழுசாக வரவில்லை. மீதி மூன்று இடத்துக்கு ஏற்கெனவே இருப்பவர்களோ, வர்த்தகமோ, விலைக்கு வாங்குவதோதான் வழி.

புல்பென் கட்டத்தை வீணென்று நினைக்க வேண்டாம். 1990களின் நடுவில் இதே மெட்ஸ் பெரிதாக நம்பிய மூன்று இளம் ஸ்டார்ட்டர்களில் பால் வில்சன் 1994 டிராஃப்டின் முதல் ஆள், பில் பல்சிஃபர் இடக்கைக்காரர், மூன்றாமவர் ஜேசன் இஸ்ரிங்ஹவுசன். மூவரில் நீண்ட வாழ்வு கிடைத்தது புல்பென்னுக்குப் போய் 300 சேவ் (அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுப்பது) எடுத்த இஸ்ரிங்ஹவுசனுக்கு.

படி 8: நாட்காட்டியில் பொருத்துவது

கிடைமட்டத்தில் அடுத்த நான்கு ஆண்டுகள், செங்குத்தில் ஐந்து இடங்கள் அல்ல, எட்டு இடங்கள். ஐந்தே ஸ்டார்ட்டரோடு ஒரு சீசனைக் கடக்கும் அணியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2012இல் சின்சினாட்டி ரெட்ஸின் ஐவர் 162இல் 161 ஆட்டங்களைத் தொடங்கினார்கள். இன்றும் அதை அபூர்வமாகப் பேசுகிறார்கள்.

இப்போதைய ஸ்டார்ட்டர்களின் ஒப்பந்தம் முடியும் ஆண்டை முதலில் நிரப்புங்கள். மேஜர் லீக்கில் 6 ஆண்டுச் சேவை முடிந்தால் ஒருவர் விலகிப் போகலாம்; 172 நாள் ஓர் ஆண்டாகக் கணக்கு. பிறகு இளைஞர்கள். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்தாவது சீசன் முடிவிலும், 19 வயதிலோ அதற்குப் பிறகோ ஒப்பந்தமானவரை நான்காவது சீசன் முடிவிலும் அணியின் 40 பேர் மேஜர் லீக் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். சேர்த்தபின் மேலும் கீழும் அனுப்ப மூன்று ஆப்ஷன் ஆண்டுகள். இந்தக் கெடுதான் ஓர் இளைஞருக்கு அணி எப்போது வழிவிடும் என்பதைத் தீர்மானிக்கிறது. பல சமயம் அவர் தயாரா என்பதைவிட இதற்கே கனம் அதிகம்.

படி 9: புதுப்பிப்பது

மாதம் ஒருமுறை போதும். சதவீதத்தை மாற்றக் காரணங்களாக ஏற்க வேண்டியவை: சராசரி வேகம் ஒன்றரை மைலுக்கு மேல் மாறியது, புதிய பந்தை 10 சதவீதத்துக்கு மேல் வீசத் தொடங்கியது, படிநிலை உயர்ந்தது, காயப் பட்டியல். மூன்று மோசமான ஆட்டம், ஈஆர்ஏ ஏறியது, வர்ணனையாளர் புகழ்ந்தது ஆகியவை காரணங்கள் அல்ல. வேகம் குறைந்ததை மட்டும் ஒரே ஆட்டத்திலேயே கவனியுங்கள். அடுத்த வாரம் அவர் பெயர் ஆட்டப் பட்டியலில் இல்லாமல் போகலாம்.

பழைய எண்ணை அழிக்காமல் தேதியோடு பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்துங்கள். இரண்டு சீசன் கழித்து, நீங்கள் 40 போட்டவர்களில் பத்துக்கு நாலு பேர் நிலைத்தார்களா என்று சரிபார்க்க அது வேண்டும். ஆறு பேர் நிலைத்திருந்தால் கைவிதிகளைத் தளர்த்துங்கள், ஒருவர்தான் என்றால் இறுக்குங்கள்.